பகிர்ந்த பொறியும் பழுதின் எல்லையும்

கோபாலபுரத்து அடுக்ககங்களில் வாழ்வோர் நன்கறிந்த செய்தி ஒன்றுண்டு. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி ஒன்று, வீடுகளோ பல. ஒரு வீட்டுக் குழாய் உடைந்தால் அவ்வீட்டு வால்வை மட்டும் மூடிப் பழுது பார்க்கலாம். தனி வால்வு வைக்காத கட்டடத்திலோ, ஒருவர் வீட்டுக் கசிவுக்காக அனைவர் வீட்டுக் குழாயும் வறண்டுபோகும். இன்றைய கணிப்பொறி உலகை வாட்டும் சிக்கலும் இத்தகையதே.

ஒரு பொறியைப் பலர் பகிர்தல் நமக்குப் புதிதன்று. 1973-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் நிறுவப்பெற்ற ஐ.பி.எம். 370/155 கணிப்பொறியைப் பல துறையினரும் முறைவைத்துப் பயன்படுத்தினர். 1972-இல் ஐ.பி.எம். அறிவித்த வி.எம்./370 மென்பொருளோ, ஒரே பொறியை ஒவ்வொருவர்க்கும் தனிப்பொறி போலக் காட்டிற்று. இதுவே மெய்நிகராக்கம். 2007-இல் வெளிவந்த எஸ்.ஆர்.-ஐ.ஓ.வி. என்னும் நெறிமுறை, ஒரே பிணைய அட்டையைப் பல அட்டைகளாகத் தோன்றச் செய்தது.

பங்கிடுதல் எளிது; பழுது நீக்குதலே அரிது. ஒரு பங்கு நிலைகுலைந்தால் அதனை மட்டும் மீட்டமைக்க வழியுண்டு. மூல அட்டையே பழுதுற்றாலோ முழுவதையும் மீட்டமைக்க நேரும். பிழையேதும் செய்யாத மெய்நிகர்ப் பொறிகளும் அந்நொடியில் இணைப்பிழக்கும். அப்போது அனுப்பிய பணி முடிந்ததா, இல்லையா என்பதே வினா. வட்டில் ஒரே இடத்தில் ஒரே செய்தியை உடனே மீண்டும் எழுதினால் கேடில்லை. ஏழை மாணவன் ஒருவனின் கட்டணத்தை இருமுறை பிடித்தால்?

தேர்வு, கட்டணம், நூலகம் அனைத்தையும் ஒரே வழங்கிப் பொறியில் ஏற்றும் கல்லூரிகள் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பொறி வாங்குங்கால், "எத்தனை பேர் பகிரலாம்?" என்று கேட்கிறோம், "ஒன்று விழுந்தால் எத்தனை பேர் விழுவர்?" என்று கேட்பதில்லை. தேர்வுப் பணிக்கு இரண்டாவது அட்டை ஒன்று இருத்தல் வேண்டும். ஒவ்வொரு பணப் பரிமாற்றத்திற்கும் தனி எண் இட்டு, மீண்டும் வருவதை அடையாளங்கண்டு தள்ளுதல் வேண்டும். விடுமுறை நாளில் அட்டையை வேண்டுமென்றே மீட்டமைத்து, எது எழுகிறது, எது எழவில்லை என்று சோதித்தல் வேண்டும்.

இவை வீண்செலவு என்பார் உளர். இரண்டாம் அட்டை பல நாள் வாளாவிருக்கும் என்பது உண்மையே. தீயணைப்பு வாளியும் அவ்வாறே தொங்குகிறது. அதனை எவரும் வீண் என்று கழற்றி எறிவதில்லை. பகிர்ந்து வாழ்தல் சிறப்பு. ஒருவர் பழுது பிறரைத் தாக்காவண்ணம் பகிர்தலே அறம் என்பது என் துணிபு.