கேட்கிறது, விளங்கவில்லை

மாத்தளைப் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றின் தொழிற்சாலையில், தோட்டத்து வழக்கிற் சொன்னால் 'ஸ்டோரில்', முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர் நம் பெரியப்பா. ஓய்வு பெற்றபின் நம்மோடு வசித்து வருகிறார். சில ஆண்டுகளுக்கு முன் அவரைப் பற்றி வீட்டில் ஒரு குறை எழுந்தது. "தாத்தாவுக்கு வேண்டியது மட்டுந்தான் காதிலே விழும்" என்றனர் பிள்ளைகள். நாமும் சேர்ந்து சிரித்தோம். பிறர் சிரித்தால் அவரும் சிரிப்பார். எதற்கென்று கேட்டால் எழுந்து முற்றத்துக்குப் போய்விடுவார்.

அந்தச் சிரிப்பு ஒருநாள் நின்றது. இரத்த அழுத்தத்துக்குப் புதிய மாத்திரை கொடுத்தவர்கள், பழையதை நிறுத்திவிடும்படி சொல்லியிருந்தார்கள். பெரியப்பா பணிவாகத் தலையசைத்துவிட்டு வந்து, இரண்டையும் விழுங்கி வந்தார். மூன்றாம் நாள் கிணற்றடியில் மயங்கி விழுந்தார். "அவர்கள் சொன்னது கேட்கவில்லையா?" என்று சற்றுக் கடுமையாகவே கேட்டோம். "கேட்டது, விளங்கவில்லை" என்றார். அதனை ஒரு சாக்கு என்றே அன்று எண்ணினோம். அது முழு உண்மை என்பது பின்னரே தெரிந்தது.

உட்செவியில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு உண்டு. அதனுள் ஏறக்குறைய 15,000 மயிர்க்கலங்கள் உள்ளன. ஒலியின் அதிர்வை நரம்பு உணரத்தக்க குறிப்பாக மாற்றுவன அவையே. அழிந்தால் மனிதருக்கு அவை மீண்டும் முளைப்பதில்லை. உயர்ந்த சுருதிகளுக்கு உரியவை வாயிலருகே இருக்கின்றன. முதுமையாலும் இரைச்சலாலும் பெரும்பாலும் முதலிற் கெடுவன இவைதாம். நம் பேச்சிலே உயிரொலிகளின் வலிமை தாழ்ந்த சுருதியில் நிற்பது. க, ச, த, ப முதலிய வல்லொலிகளை இனம்பிரித்துக் காட்டுவனவோ பெரிதும் உயர்ந்த சுருதியில் உள்ளவை. ஆகவே கடை, சடை, தடை, படை என்னும் நான்கு சொல்லும் இத்தகைய செவிக்கு ஏறத்தாழ 'அடை' என்றே வந்து சேரும். உயிர் கேட்கும், மெய் மறையும். இலக்கண வகுப்பில் உயிரையும் மெய்யையும் ஆண்டுதோறும் கற்பிக்கும் நாம் இதனை வீட்டில் உணராதது விந்தையே.

உரத்துக் கத்தினால் என்ன என்று கேட்கலாம். கத்தும்போது மிகுவது பெரும்பாலும் உயிரொலியே. மறைந்த மெய் மறைந்தபடியே இருக்க, கேட்பவருக்கு மிஞ்சுவது வசவு வாங்கிய உணர்வு மட்டுமே.

இதில் ஸ்டோரின் பங்கும் உண்டு. கொழுந்தை உருட்டும் ரோலர்களின் அருகில் காதுக்குக் காப்பின்றி அவர் கழித்த காலம் சிறிதன்று. சாதாரண உரையாடல் சுமார் 60 டெசிபெல். வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் 80 டெசிபெல்லுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. இரு செவியிலும் பாட்டைச் சொருகிக்கொண்டு பஸ்ஸில் வரும் மாணவர்கள் இவ்வரியை இருமுறை படிப்பார்களாக.

பெரியப்பாவைக் காது, மூக்கு, தொண்டை வைத்திய நிபுணரிடம் அழைத்துச் சென்றோம். முதலிற் செய்ய வேண்டியது இதுவே. ஏனெனில் சில வேளை குற்றம் வெறும் காதுக்குறும்பியாக இருக்கும், அகற்றினால் தீரும். செவிப்பறைக் கோளாறுகள் பலவற்றுக்கும் மருத்துவம் உண்டு. ஓரிரு நாளில் திடீரெனச் செவி மந்தித்தாலோ தாமதமே கூடாது. உடனே செல்ல வேண்டும். இவருக்கு இவை எதுவுமில்லை. எந்தச் சுருதி எவ்வளவு குறைந்துள்ளது என்பதைச் சோதித்து வரைபடமாக்கினர். வலப்புறம் செல்லச் செல்லக் கோடு மலைச்சரிவு போல இறங்கிற்று. செவிக்கருவி வேண்டும் என்றனர்.

இக்கருவிக்கு ஒரு வரலாறு உண்டு. தொலைபேசியை அமைத்த அலெக்சாந்தர் கிரகாம் பெல் அடிப்படையில் செவிப்புலனற்றோரின் ஆசிரியர். அவருடைய அன்னைக்கும் மனைவிக்கும் செவிப்புலன் இல்லை. அவர் பெயர் தாங்கிய ஆய்வுகூடத்தில் 1947இல் டிரான்சிஸ்டர் பிறந்தது. அவர் நினைவாக, செவிக்கருவி செய்வோரிடம் மட்டும் அதற்கான உரிமைப் பணம் வாங்கப்படவில்லை. வானொலிப் பெட்டிக்குப் போகுமுன்பே, 1952இன் இறுதியில், டிரான்சிஸ்டர் செவிக்கருவியில் விற்பனைக்கு வந்துவிட்டது. இன்று அது காதின் பின்னே ஒளிந்துகொள்ளும் அளவே. எல்லா ஒலியையும் ஒருசேரப் பெருக்காமல், சோதனைப் படத்திற் குறைந்த சுருதிகளையே தூக்கிக் கொடுப்பது அதன் சிறப்பு. சோதனையின்றிக் கடையில் வாங்கும் மலிவு ஒலிபெருக்கிகளை நாம் விரும்பாததும் இதனால்தான்.

விலை நம் போன்றோர்க்குச் சுமையே. அதனினும் பெரிய இடர் பின்னர் வந்தது. முதல் வாரமே பெரியப்பா அதனை அலுமாரியில் வைத்துப் பூட்டினார். குழாய்நீர் அருவிபோல இரைகிறதாம். தகரக் கூரையில் மழை விழுந்தால் ஸ்டோரே திரும்பி வந்தாற்போல இருக்கிறதாம். ஆண்டுக்கணக்கில் அவ்வொலிகளை இழந்த மூளை அவற்றை மறுபடி பழகச் சில வாரங்கள் வேண்டும். கருவியை இருமுறை கொண்டுசென்று திருத்தி அமைத்தோம். நாளுக்கு ஒரு மணி நேரம், பின்பு இரண்டு என்று கூட்டினார். அலுமாரியிலேயே வைத்திருந்தால் கருவியும் பணமும் வீணாகியிருக்கும்.

கருவி அணிந்தால் மறதிநோய் வாராது என்பாரும் உளர். அவ்வளவு துணிந்து சொல்வதற்கில்லை. 2023இல் அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரையான 977 பேரிடம் மூன்றாண்டு நடந்த ஆய்வின் முடிவு வெளியாயிற்று. மொத்தத்தில் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் மறதிக்கு ஏதுவான குறைகள் மிகுந்திருந்த பிரிவினரிடம் அறிவாற்றல் தேய்வு 48 வீதம் குறைந்தது.

நாமும் சில பழக்கங்களை மாற்றிக்கொண்டோம். அடுக்களையிலிருந்து குரல் கொடுப்பதில்லை; எதிரே சென்று, முகத்தில் வெளிச்சம் பட நின்று, நிதானமாகப் பேசுகிறோம். விளங்காவிடில் அதே சொல்லைத் திருப்பாமல் வேறு சொல்லாற் கூறுகிறோம். மருந்து விவரத்தைத் தாளில் எழுதிவிடுகிறோம். எழுதிக் கொடுப்பதைப் பெரியப்பா முதலில் அவமதிப்பாகக் கொண்டார். தலைமுறை தலைமுறையாகச் செவிவழி வந்த திரிபிடகத்தையே நம் ஊருக்கு அண்மையிலுள்ள அலுவிகாரையில் ஏட்டில் எழுதி வைத்தார்களே என்றதும் சமாதானமானார்.

சென்ற மாசி மகத்துக்கு முத்துமாரியம்மன் கோவில் தேர் பார்க்க அவரை அழைத்துச் சென்றோம். ஐந்து தேர்களும் புறப்படும் நேரம் மேளம் முழங்கத் தொடங்கிற்று. பெரியப்பா இரு கருவிகளையும் மெல்லக் கழற்றிச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டார். "இதுக்கு இது வேணாம் தம்பி. வீட்டுக்குப் போனதும் போட்டுக்கிறேன், சின்னவன் ஏதோ கதை சொல்றேன்னிருக்கான்" என்றார்.