காலையில் போய் மாலையில் திரும்பலாம்!

ஞாயிற்றுக்கிழமை வந்தால் தஞ்சாவூர் வீடுகளில் ஒரு பேச்சு எழும்.

"பிள்ளைகளை அழைத்துக்கொண்டு எங்கேயாவது போய் வரலாமா?" என்பாள் மனைவி.

"கார் வாடகைக்குப் பணம் யார் கொடுப்பது?" என்பார் கணவர்.

பேச்சு அதோடு நின்றுவிடும். பிள்ளைகளின் முகம் வாடிவிடும்.

கார் எதற்கு? ரெயில் இருக்கிறதே!

10 ரூபாய் போதும்

சாதாரண பயணிகள் ரெயிலில் மிகக் குறைந்த கட்டணம் 10 ரூபாய். கொரோனா காலத்துக்குப் பிறகு இது 30 ரூபாய் ஆனது. ஏழைகள் தவித்தார்கள். 2024-ம் ஆண்டில் மீண்டும் 10 ரூபாய்க்கு வந்தது. 5 வயது நிரம்பாத குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். 12 வயது நிரம்பாத பிள்ளைக்கு அரை டிக்கெட்.

ஒரு தூக்கில் புளியோதரை, இன்னொன்றில் தயிர் சாதம், ஒரு குடம் தண்ணீர். இவை இருந்தால் ஒரு குடும்பம் புறப்பட்டுவிடலாம்.

தஞ்சாவூரில் இருந்து மாயவரம், அதாவது இன்றைய மயிலாடுதுறை, சுமார் 70 கிலோ மீட்டர். இந்த வழியில் உள்ள சிறிய நிலையங்களில்தான் பெரிய செல்வங்கள் இருக்கின்றன.

சுவாமிமலையில் இறங்கினால் முருகன் கோவில். அதே ஊரில் சிற்பிகள் பஞ்சலோகச் சிலை வார்க்கிறார்கள். முதலில் மெழுகில் உருவம் செய்கிறார்கள். அதன் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசுகிறார்கள். சூடு காட்டியதும் மெழுகு உருகி ஓடுகிறது. அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள்.

அடுத்த நிலையம் தாராசுரம். அங்கு இரண்டாம் ராஜராஜன் கட்டிய ஐராவதேசுவரர் கோவில் இருக்கிறது. 2004-ம் ஆண்டில் அது உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. ஆடுதுறையில் 1922-ம் ஆண்டு முதல் நெல் ஆராய்ச்சி நடக்கிறது. விவசாயிகள் விரும்பிப் பயிரிட்ட ஏ.டி.டி. நெல் ரகங்கள் அங்கு பிறந்தவை. நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து நாதசுரம் செய்கிறார்கள்.

ஆடி மாதத்தில் போனால் குறுவைப் பயிர் பச்சைப் பசேல் என்று இருக்கும். தை மாதத்தில் போனால் சம்பா அறுவடை. சோறு எங்கிருந்து வருகிறது என்பதைப் பிள்ளைகள் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தே தெரிந்துகொள்ளலாம்.

குடியானவர் போட்ட பாதை

தஞ்சை மண்ணுக்கு ரெயில் புதிது அல்ல. நாகப்பட்டினத்தில் இருந்து தஞ்சாவூருக்கு 1861-ம் ஆண்டிலேயே பாதை வந்துவிட்டது.

அதைவிடப் பெருமையான கதை ஒன்று உண்டு. மாயவரத்தில் இருந்து திருவாரூர் வழியாக முத்துப்பேட்டைக்கு 1894-ம் ஆண்டில் ஒரு பாதை திறக்கப்பட்டது. அதைப் போட்டது தஞ்சாவூர் ஜில்லா போர்டு. நிலத்தின் மீது ஒரு சிறு வரி விதித்து, அந்தப் பணத்தைச் சேர்த்து வைத்துப் போட்டார்கள். நெல் விளைவித்த குடியானவரின் காசில் ஓடிய ரெயில் அது!

முன்னோர் காசு கொடுத்துப் போட்ட பாதையை, பேரப்பிள்ளைகள் ஏறாமல் கைவிடலாமா?

ஏறாத ரெயில் நிற்கும்

கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தரங்கம்பாடி சாட்சி.

தரங்கம்பாடியில் டென்மார்க்குக்காரர்கள் 1620-ம் ஆண்டில் கட்டத் தொடங்கிய கோட்டை இருக்கிறது. தமிழில் புதிய ஏற்பாடு அச்சான ஊரும் அதுதான். மாயவரத்தில் இருந்து அங்கே 1926-ம் ஆண்டு முதல் ரெயில் ஓடியது. வருமானம் போதவில்லை என்று 1986-ம் ஆண்டில் அது நிறுத்தப்பட்டது. மீண்டும் வேண்டும் என்று மக்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ரெயில் வரவில்லை. போவது எளிது, திரும்பி வருவது கடினம்.

ஓடுகிற ரெயிலும் ஒழுங்காக ஓட வேண்டும். திருவாரூர்–காரைக்குடி பாதை அகலப்பாதை வேலைக்காக 2012-ம் ஆண்டில் மூடப்பட்டது. 2019-ம் ஆண்டில்தான் திறந்தார்கள். அப்போதும் கேட் மூட ஆள் இல்லை. ரெயிலில் வந்த ஊழியரே ஒவ்வொரு கேட்டிலும் இறங்கி மூடினார். ரெயில் கடந்ததும் திறந்துவிட்டு ஏறிக்கொண்டார். இப்படி ஊர்ந்தால் யார் ஏறுவார்கள்? ஆள் ஏறவில்லை என்று பிறகு மக்களைக் குறை சொல்வது நியாயம் ஆகாது.

வயலும் பிழைக்கும்

இது உல்லாசப் பேச்சு மட்டும் அல்ல. 2020-ம் ஆண்டில் காவிரி டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டம் செய்யப்பட்டது. ஆனாலும் சாலை அகலம் ஆகும்போது வயல் சுருங்குகிறது. விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நாற்கரச் சாலைக்கும் விளைநிலம் போயிற்று. சாலை தேவைதான். ஆனால் வண்டிகள் பெருகப் பெருக, சாலைக்கும் வண்டி நிறுத்தவும் மேலும் மேலும் இடம் கேட்பார்கள். அந்த இடம் நெல் வயலில் இருந்துதான் வரவேண்டும். ஆயிரம் பேரை ஏற்றிச் செல்லும் ரெயிலுக்குப் புது வயல் வேண்டாம். தண்டவாளம் முன்பே இருக்கிறது. இன்று அது மின்சாரத்தில் ஓடுவதால் புகையும் இல்லை.

செய்ய வேண்டியது என்ன?

ரெயில்வே நிர்வாகம் ஞாயிறுதோறும் காலையில் போய் மாலையில் திரும்ப வசதியாக, எல்லா நிலையங்களிலும் நிற்கும் ரெயில்களை விட வேண்டும். சிறிய நிலையங்களில் குடிதண்ணீர், விளக்கு, பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை வேண்டும். ரெயில் வரும் நேரத்துக்கு டவுன் பஸ் வாசலில் நிற்க வேண்டும். தரங்கம்பாடி ரெயில் மறுபடியும் ஓட வேண்டும்.

மக்களுக்கும் கடமை உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிறாவது டிக்கெட் வாங்கி ஏற வேண்டும். எத்தனை டிக்கெட் விற்றது என்பதைத்தான் அதிகாரிகள் பார்ப்பார்கள். மனு கொடுப்பதைவிட அது வலுவானது. பெட்டியிலும் கோவில் குளத்திலும் இலையையும் பிளாஸ்டிக் பையையும் போடாமல் வீட்டுக்கே கொண்டுவர வேண்டும்.

அடுத்த ஞாயிறு பிள்ளைகள் கேட்டால், இல்லை என்று சொல்லாதீர்கள். தூக்கை எடுங்கள். நிலையத்துக்குப் புறப்படுங்கள்!