டிடிடியை நிறுத்தியது கார்சன் அல்ல

ரேச்சல் கார்சன் 1962இல் பூச்சிக்கொல்லிகளின் கேட்டைச் சொல்லும் 'சைலன்ட் ஸ்பிரிங்' புத்தகத்தை எழுதினார். உலகம் மிரண்டு டிடிடி பூச்சிக்கொல்லியைத் தடை செய்தது. இலங்கையில் 17 பேராகக் குறைந்திருந்த மலேரியா சில ஆண்டுகளிலேயே ஐந்து லட்சத்தைத் தாண்டியது. சுற்றுச்சூழல் என்று வாயைத் திறந்தாலே யாராவது இந்தக் கதையை எடுத்துவிடுகிறார்கள். கதையில் வரும் எண்கள் சரிதான். அவற்றை முடிச்சுப் போடும் காரணம்தான் பொய்.

டிடிடியின் பெருமையை மறுக்க வேண்டியதில்லை. 1934-35இல் மலேரியாவுக்குச் சுமார் 80,000 பேரைப் பறிகொடுத்த தீவு அது. வீட்டுச் சுவர்களில் மருந்தடிப்பு பரவத் தொடங்கிய 1946இல் ஏறத்தாழ 28 லட்சம் பேர் காய்ச்சலில் கிடந்தார்கள். 1963இல் 17 பேர்; அதிலும் பலர் வெளியூரிலிருந்து நோயோடு வந்தவர்கள்.

மருந்தடிப்பை நிறுத்த வைத்தது இந்த வெற்றிதான். நோய் அடங்கியதும் சுவரை விட்டுவிட்டு மனிதர்களின் ரத்தத்தைக் கண்காணிக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த ஒழிப்புத் திட்டத்தின் அடுத்த கட்டம். 1964 வாக்கில் இலங்கை அதற்கு மாறியது. பதினேழு நோயாளிகளுக்காக நாடு முழுக்க மருந்தடிக்க எந்த நிதியமைச்சர் பணம் ஒதுக்குவார்? அமெரிக்கா டிடிடியைத் தடை செய்ததே 1972இல்தான். எட்டு ஆண்டு கழித்து வந்த தடை எப்படி முன்னாலேயே நோயைப் பரப்பும்?

கோட்டை விட்டது கண்காணிப்பில். மழை பொய்த்து ஆறுகள் குட்டை குட்டையாகத் தேங்கினால் அனாபிலிஸ் குலிசிபேசிஸ் கொசுவுக்குக் கொண்டாட்டம். ரத்தினக்கல் தோண்டிய குழிகளிலும் தண்ணீர் நின்றது. அங்கே பிழைக்கப் போனவர்கள் காய்ச்சலோடு ஊர் திரும்பினார்கள். 1968, 1969 ஆகிய இரண்டே ஆண்டுகளில் நோயாளிகளின் எண்ணிக்கை பத்து லட்சத்தை நெருங்கியது.

அடுத்து நடந்ததைக் கதைக்காரர்கள் விழுங்கிவிடுவார்கள். இலங்கை உடனே டிடிடியை மறுபடி கையில் எடுத்தது. யாரும் தடுக்கவில்லை. ஆனால் பழைய பலன் கிடைக்கவில்லை. கொசு மருந்துக்குப் பழகத் தொடங்கியிருந்தது. 1977க்குள் டிடிடியை ஓரம் கட்டிவிட்டு மாலத்தியான் என்ற வேறு மருந்துக்குப் போக வேண்டியதாயிற்று. கண்டபடி தெளித்தால் நோய் பரப்பும் பூச்சிகளுக்கும் எதிர்ப்பாற்றல் வந்துவிடும் என்று கார்சன் தன் புத்தகத்திலேயே எச்சரித்திருந்தார். அவரைத் திட்டுகிறவர்கள் அந்தப் பக்கங்களைப் புரட்டவில்லை போலும்.

பக்கத்திலேயே இன்னொரு சாட்சி இந்தியா. 1960களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் கீழே வந்திருந்த நோயாளிகள் 1976இல் 64 லட்சம் ஆனார்கள். இங்கே அந்த ஆண்டுகளில் மலேரியா ஒழிப்புக்கு டிடிடி தடை செய்யப்படவே இல்லை; அரசின் இந்துஸ்தான் இன்செக்டிசைட்ஸ் அதைத் தயாரித்துக்கொண்டே இருந்தது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பிற்காலத்தில் டிடிடி என்றாலே நிதி கொடுக்கத் தயங்கிய நன்கொடை அமைப்புகள் இருந்தன. அந்தத் தயக்கத்தைக் கண்டிக்கலாம். ஆனால் 2001இன் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கைகூட நோய்க் கொசுவைக் கட்டுப்படுத்த டிடிடிக்கு விலக்கு அளிக்கிறது.

அந்த மருந்தில்லாமல் மலேரியாவை ஒழிக்கவே முடியாது என்பார்கள். 1999இல் இலங்கையில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு மலேரியா. போர் வேறு. 2012 அக்டோபருக்குப் பிறகு அடுத்த சில ஆண்டுகள் உள்ளூரில் தொற்றிய நோயாளியே இல்லை. 2016இல் உலக சுகாதார நிறுவனம் மலேரியா இல்லாத நாடு என்று சான்றளித்தது. மருந்தடிப்பு அப்போதும் உண்டு, டிடிடி இல்லை. கூடவே மருந்து தோய்த்த கொசுவலை, ஊர் ஊராகப் போன நடமாடும் மருத்துவக் குழு, காய்ச்சல் இல்லாதவரிடமும் ரத்தம் எடுத்துப் பார்த்த பொறுமை. கல்லீரலில் பதுங்கிக் கிடந்து பல மாதங்கள் கழித்துத் தலைகாட்டும் விவாக்ஸ் ஒட்டுண்ணிக்குப் பிரைமாகுயின் மாத்திரை; சுவரில் எதை அடித்தாலும் கல்லீரலுக்குள் போய்ச் சேராதே.

விவாக்ஸ் ஆய்வில் பெயர் பெற்ற கொழும்புப் பேராசிரியர் கமினி மெண்டிஸ், நோய் போன பிறகும் கண்காணிப்பைத் தளர்த்தக் கூடாது என்று வலியுறுத்துபவர். காரணம் இருக்கிறது. சான்றிதழ் வந்த அதே 2016இன் இறுதியில், இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபென்சி கொசு மன்னாரில் முதன்முறையாகப் பிடிபட்டது. அது கிணற்றிலும் தொட்டியிலும் முட்டையிடும். சுவரில் டிடிடி அடிக்கச் சொல்பவர்கள் மன்னார்க் கிணறுகளுக்கு என்ன வைத்திருக்கிறார்கள்?