ஸஃதர் செடிக்கு ‘நபிவழி’ முத்திரை எதற்கு?



வளைகுடாவிலிருந்து விடுப்பில் வருவோர் கொண்டுவரும் ஸஃதர் பொட்டலத்தை நம்மில் பலர் அறிவோம். அதற்கு நெருங்கிய உறவான தைம் செடியை ஓசூரில் சிலர் வீட்டிலேயே வளர்க்கத் தொடங்கியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் “இது நபிவழி மூலிகை, எல்லா நோய்க்கும் மருந்து” என்னும் செய்தியும் கூடவே கைபேசிகளில் சுற்றுகிறது. இதனை நாம் ஏற்பதற்கில்லை.

திருக்குர்ஆனில் இஞ்சி உண்டு, பூண்டும் வெங்காயமும் பருப்பும் உண்டு, ஸஃதர் இல்லை. கருஞ்சீரகத்தைப் பற்றி ஸஹீஹான ஹதீஸ் இருக்கிறது என்பதற்காக, மணமுள்ள ஒவ்வோர் இலைக்கும் அச்சிறப்பை ஏற்றிவிட முடியுமா? தம்மீது வேண்டுமென்றே பொய்யுரைப்பவரின் இருப்பிடம் நரகம் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். ஒரு தொட்டிச் செடியை விற்பதற்காகவா அந்த ஆபத்தைத் தலையில் சுமப்பது?

தைமின் மணத்திற்குக் காரணம் தைமால் என்னும் பொருள். நம் அடுக்களை ஓமத்திலும் இருப்பது அதுவே. கோழி வறுவலில் இரண்டு கிளை போட்டால் மணக்கும். இருமல் நீடித்தால் மருத்துவரிடம்தான் செல்ல வேண்டும்.

அப்படியெனில் வளர்க்க வேண்டாமா? தாராளமாக வளர்க்கலாம். ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்து மனிதரோ பறவையோ கால்நடையோ உண்டால் அது அவருக்கு ஸதகா என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. இதற்கு மேல் வேறென்ன முத்திரை வேண்டும்?

ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூரின் மிதமான வெப்பம் இச்செடிக்கு உகந்தது. ஆறு மணி நேரம் வெயில் விழுமானால், சிப்காட்டை ஒட்டிய வாடகை வீட்டின் மாடிப்படி ஓரமே போதும். அடியில் துளையுள்ள தொட்டியில் மண்ணும் மணலும் சம அளவு கலந்து நட வேண்டும். மண் காய்ந்த பின்னரே நீர் ஊற்ற வேண்டும். பலர் அன்பு மிகுதியால் தினமும் ஊற்றியே கொன்றுவிடுகின்றனர்! இரு கைகள் கொள்ளும் ஒரு ‘முத்’ அளவு நீரில் நபி (ஸல்) அவர்கள் உளூச் செய்திருக்கிறார்கள். லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் தெருக்களில், நாம் உளூச் செய்த நீரைப் பாத்திரத்தில் பிடித்துவைத்தால் செடிக்கு அதுவே தாராளம்.

செப்டம்பர், அக்டோபர் மழையில் வேர் அழுகிவிடும்; தொட்டியைக் கூரைக்கு அடியில் நகர்த்திவிடுங்கள். மழை ஓய்ந்ததும் இளங்கிளையொன்றை வெட்டி ஈர மணலில் ஊன்றினால் சில வாரங்களில் வேர்விடும். அதனை அடுத்த வீட்டாருக்குக் கொடுங்கள், அவர் எம்மதத்தவராயினும்.