எம்பிஏ சரி, எந்தப் பாடம் எடுப்பீர்கள்?

வங்கியிலோ காப்புறுதி நிறுவனத்திலோ வேலை பார்த்துக்கொண்டே, மாலை வகுப்புக்குப் போய் எம்பிஏ முடித்த நம் பிள்ளைகள் பலருக்கு அடுத்த ஆசை ஒன்று உண்டு. கல்லூரியில் விரிவுரையாளர் ஆக வேண்டும். வீட்டில் அம்மா, அப்பாவுக்கும் அதில் பெருமை. ஆசையில் தவறே இல்லை. ஆனால் இருபது கல்லூரிகளுக்கு மனுப்போட்டும் ஓர் அழைப்புகூட வரவில்லை என்று சோர்ந்து போகிறார்களே, அவர்களின் விண்ணப்பத்தை வாங்கிப் பாருங்கள். 'வணிகப் பாடம் எதையும் நடத்தத் தயார்' என்ற வரி அநேகமாக அதில் இருக்கும்.

கல்லூரி தேடுவது அப்படிப்பட்ட ஆளை அல்ல. போன பருவத்தில் ஒருவர் விலகியதால் செலவுக் கணக்கியல் காலியாக இருக்கும். அல்லது மனிதவள நிர்வாகத்துக்கு ஆள் இருக்காது. அந்த நாற்காலிக்கு நீங்கள் பொருந்துவீர்களா என்பதுதான் துறைத் தலைவரின் கேள்வி.

விதியை முதலில் தெரிந்துகொள்வோம். எம்கியூஏ எனப்படும் மலேசியத் தகுதி முகமையின் தரநிலையில் டிப்ளோமா 4ஆம் நிலை, இளங்கலை 6, முதுகலை 7, முனைவர் 8. பாடம் நடத்துபவர் பொதுவாக மாணவரைவிட ஒரு படி மேலே படித்திருக்க வேண்டும். ஆக, எம்பிஏ வைத்திருப்பவர் டிப்ளோமாவுக்கும் இளங்கலைக்கும் வகுப்பு எடுக்கலாம். எம்பிஏ மாணவருக்கே எடுக்க வேண்டுமானால் முனைவர் பட்டம் கேட்பார்கள். தனியார் கல்லூரி என்றால் இன்னொன்றும் உண்டு: 1996ஆம் ஆண்டின் தனியார் உயர்கல்விக்கூடச் சட்டப்படி, கற்பிப்பதற்கு பெர்மிட் வேண்டும். உங்கள் சான்றிதழ்களை வைத்து கல்லூரியே அதற்கு விண்ணப்பிக்கும். எனவே உங்கள் எம்பிஏ எம்கியூஏ பதிவேட்டில் உள்ள படிப்பா என்று இன்றே பார்த்துவிடுங்கள். பட்டம் வெளிநாட்டுடையது, அரசாங்க வேலைதான் இலக்கு என்றால் பொதுச் சேவைத் துறையின் அங்கீகாரமும் தேவைப்படும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். எம்பிஏ அகலமான படிப்பு, ஆழமானது அல்ல. கணக்கியலில் ஒன்று, சந்தைப்படுத்தலில் ஒன்று, நிதியில் ஒன்று என்று தொட்டுக்கொண்டு போகும். ஒரே ஒரு கணக்கியல் தாள் எழுதியவரிடம் கணக்கியல் வகுப்பை எந்தத் துறைத் தலைவரும் ஒப்படைக்கமாட்டார். அங்கே ஏசிசிஏ முடித்தவர் முன்னால் நிற்பார். எனவே மதிப்பெண் பட்டியல் இரண்டையும், இளங்கலையுடையதையும் எம்பிஏவுடையதையும், மேசையில் விரித்து வையுங்கள். இரண்டிலும் வருகிற, வேலையிலும் நீங்கள் கைவைத்த பாடங்களைக் குறியுங்கள். மூன்று தேறினால் போதும். முதல் பட்டம் பொறியியலா? தொழிற்சாலை அனுபவம் இருந்தால் உற்பத்தி நிர்வாகம், தர நிர்வாகம், விநியோகச் சங்கிலி ஆகியவை உங்களுக்குரியவை. சந்தைப்படுத்தல் பக்கம் போய் வரிசையில் நிற்காதீர்கள். அந்த மூன்று பாடங்களின் பெயரும் விண்ணப்பத்தின் முதல் பத்தியிலேயே இருக்கட்டும். மனிதவளப் பிரிவுக்கு ஒரு பிரதி, துறைத் தலைவருக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். புதிய மாணவர் சேர்க்கைக்கு இரண்டு மாதம் முன்பு அது அவர் கையில் இருந்தால் நல்லது. வகுப்பு தொடங்கிய பிறகு வரும் விண்ணப்பம் கோப்புக்குத்தான் போகும்.

இதற்கிடையில் எச்ஆர்டி கோர்ப்பின் டிடிடி பயிற்சிக்குக் காசு கட்டிவிட்டு, இனி விரிவுரையாளர் வேலை உறுதி என்று நினைப்பவர்களும் உண்டு. அது நிறுவன ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர்களுக்கான சான்றிதழ். நல்லதுதான், ஆனால் இந்தக் கதவுக்கான சாவி அல்ல.

நேர்முகத் தேர்வில் பதினைந்து, இருபது நிமிடம் மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்வார்கள். பத்து ஆண்டு அனுபவம் உள்ளவர்கள்கூட இங்கேதான் தடுமாறுகிறார்கள். அலுவலகக் கூட்டத்தில் பேசுவதுபோல் சிலைடைப் படித்துவிடுகிறார்கள். எஸ்பிஎம் முடித்த கையோடு டிப்ளோமாவுக்கு வந்த பிள்ளை உங்கள் முன் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அவனுக்கு ஒரே ஒரு கருத்து புரிந்தால் போதும். நம் ஊர் நாசி லெமாக் கடையை வைத்தே நிலைச்செலவையும் மாறும் செலவையும் விளக்கிவிடலாம்.

வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கலாமா என்றால், என் பதில் வேண்டாம் என்பதே. வீட்டுக் கடன், பிடிபிடிஎன் கடன் எல்லாம் தலைக்குமேல் இருக்கும் வயது அது. முதலில் பகுதி நேரமாக, வாரத்தில் ஒரு மாலை, ஒரு பாடம் எடுத்துப் பாருங்கள். ஒரு பருவம் முடிந்தால் மாணவர் மதிப்பீடு ஒன்று கையில் கிடைக்கும். அடுத்த கல்லூரியில் அதற்கு மதிப்பு அதிகம். உங்களுக்கே இந்த வேலை பிடிக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். பிடித்திருந்தால் முனைவர் பட்டத்தை இப்போதே யோசியுங்கள். உங்கள் எம்பிஏவில் ஆய்வேடு இல்லையென்றால், ஆய்வு முறைகளைத் தனியே படிக்கச் சொல்லும் பல்கலைக்கழகங்கள் உண்டு. சேரும் முன் அதையும் விசாரியுங்கள்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் மட்டும் தேடுவதையும் கொஞ்சம் விடலாம். கம்பாரில் யூடார் இருக்கிறது, கெடாவில் ஏம்ஸ்ட் இருக்கிறது. அங்கே வீட்டு வாடகை குறைவு என்பதையும் சம்பளத்தோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

பகுதி நேர ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், ஊழியர் சேமநிதியும் சொக்சோவும் உண்டா, மணிக்கணக்குச் சம்பளம் வகுப்பறை நேரத்துக்கு மட்டுமா என்று கேளுங்கள். வினாத்தாள் தயாரிப்பதற்கும் விடைத்தாள் திருத்துவதற்கும் பணம் உண்டா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நாற்பது பேர் வகுப்பு என்றால், திருத்துவதிலேயே இரண்டு வார இறுதிகள் போய்விடும்.