எல்லா வடாமும் ஒரே அளவு

உங்கள் வீட்டில் ஒன்பதாவதோ பத்தாவதோ படிக்கிற பெண் இருக்கிறாளா? இருந்தால் அவளுடைய சித்திர நோட்டை ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். கணக்கு நோட்டை நாம் துருவித் துருவிப் பார்க்கிறோம். சித்திர நோட்டை யார் பார்க்கிறோம்?

சென்ற பங்குனியில் அடுத்த வீட்டுப் பெண் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். மொட்டை மாடியில் அவள் பாட்டி வடாம் இடுகிற காட்சியை வரைந்திருந்தாள். பாட்டியைப் பக்கவாட்டில் பார்க்கிற மாதிரியும், வேஷ்டியில் இட்ட வடாமையெல்லாம் காக்காய் மேலேயிருந்து பார்க்கிற மாதிரியும் போட்டிருந்தாள். சித்திர ஆசிரியர் சிவப்பு மையால் குறுக்கே கோடு இழுத்து, ‘பர்ஸ்பெக்டிவ் தப்பு’ என்று எழுதியிருந்தார்.

“இனிமேல் நான் வரையவே போறதில்லை, அக்கா” என்றாள்.

ஆசிரியர் சொன்னது சரிதான். ஆனால் எது தப்பு, எப்படித் திருத்துவது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!

எங்களுடையது தெருக்குத்து வீடு. வாஸ்து பார்க்கிறவர்கள் வேண்டவே வேண்டாம் என்று பயமுறுத்திய வீடு. சித்திரம் கற்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. மாடி ஜன்னலைத் திறந்தால் தெரு முழுவதும் நேரே நீண்டு கிடக்கும். அந்த ஜன்னலை மூடி, எதிரே முக்காலியில் அவளை உட்கார வைத்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தலையை அசைக்காமல், தெரிகிறதை அப்படியே கண்ணாடி மேல் ஸ்கெட்ச் பேனாவால் வரையச் சொன்னேன். கண் மட்டத்துக்கு மேலே இருந்த கூரை விளிம்புகள் சரிந்து இறங்கின. கீழே இருந்த சாக்கடை ஓரங்கள் ஏறின. எல்லாம் போய் ஒரே புள்ளியில் முட்டிக்கொண்டன! எழுந்து நின்று மறுபடி வரைந்தாள். அந்தப் புள்ளியும் அவளோடு எழுந்து நின்றது. பர்ஸ்பெக்டிவ் என்பது இவ்வளவுதான்: பார்க்கிறவள் எங்கே இருக்கிறாள் என்பதைப் படமே சொல்லிவிடும்.

இதை ஐரோப்பாவில் நிலைநாட்டியவர் பிளாரன்ஸ் நகரத்துப் புருனெலெஸ்கி. 1400-களின் தொடக்கத்தில் ஒரு கட்டடத்தைப் பலகையில் தீட்டி, அதில் சின்னத் துளை போட்டார். பலகைக்குப் பின்னாலிருந்து துளை வழியாகப் பார்த்தால், எதிரே பிடித்த கண்ணாடியில் படம் நிஜக் கட்டடம் போலவே தெரிந்ததாம். 1435-இல் ஆல்பர்ட்டி என்பவர் இந்த முறையை விளக்கிப் புத்தகமே எழுதினார். அவரும் படத்தைத் திறந்த ஜன்னலுக்குத்தான் ஒப்பிட்டார்.

பாடம் முடிந்ததும் அவளைச் சிரிக்க வைக்க 1754-இல் ஹோகார்த் என்ற ஆங்கிலேய ஓவியர் வேண்டுமென்றே தப்பும் தவறுமாகப் போட்ட படத்தைக் காட்டினேன். அதில் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்க்கும் ஒரு பெண்பிள்ளை, தூரத்துக் குன்றின் மேல் நிற்பவனுடைய புகைக் குழாய்க்கு மெழுகுவர்த்தியால் நெருப்புக் கொடுக்கிறாள்! சட்டம் தெரிந்த பெண்ணுக்குத் தப்பைக் கண்டுபிடிப்பது எத்தனை குஷி! காப்பி ஆறுகிற வரை எண்ணிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மாடிக் காட்சியைத் திருத்தி வரைந்து வந்தாள். சுவர், தரை, வேஷ்டி எல்லாம் ஒழுங்காகப் புள்ளியை நோக்கி ஓடின. ஆனால் முகத்தில் களையில்லை.

“பின்வரிசை வடாமெல்லாம் கடுகு மாதிரி ஆயிடுச்சே, அக்கா. பாட்டி எல்லாத்தையும் ஒரே அளவாத்தானே இட்டாங்க?”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. கண்ணுக்குத் தெரிகிறது ஒன்று. அவளுக்குத் தெரிந்தது வேறொன்று. பிறகு புதுக்கோட்டைப் பக்கத்துச் சித்தன்னவாசல் நினைவு வந்தது. அந்தக் குகைக் கோயிலின் விதானத்தில் தாமரைக் குளம் தீட்டியிருக்கிறார்கள். குளம் கரை தெரியாமல் மேலெல்லாம் விரிந்திருக்கிறது. மீனும் யானையும் பூப்பறிக்கிற மனிதர்களுமோ பக்கவாட்டில்! ஆயிரம் வருஷத்துக்கு மேலாகியும் அதை யாரும் சிவப்பு மையால் கோடிடவில்லை. பிரான்சு தேசத்துச் சேஸான், ஆப்பிள் கூடையோடு ஒரு மேஜை வரைந்தார். துணிக்கு இந்தப் பக்கத்து விளிம்பும் அந்தப் பக்கத்து விளிம்பும் ஒட்டவே ஒட்டாது. அவருக்குச் சட்டம் தெரியாதா, என்ன?

“எதை மீறினால் உனக்கு வேண்டியது கிடைக்குமோ, அதை மட்டும் மீறிப் பார். மற்றதைத் தொடாதே” என்றேன்.

மூன்றாவது படம் வந்தது. கைப்பிடிச் சுவரும் தெருவும் தூரத்துத் தண்ணீர்த் தொட்டியும் சட்டப்படி சுருங்கிக்கொண்டே போயின. வேஷ்டி மட்டும் பாய் விரித்த மாதிரி நம் பக்கமாக நிமிர்ந்து நின்றது. அதில் எல்லா வடாமும் ஒரே அளவு, வட்டம் வட்டமாக. பார்த்தவுடன் கண் அங்கேதான் போயிற்று.

அதை ஆசிரியரிடம் காட்டினாளா என்று கேட்பீர்கள். இல்லை, மார்க்குக்கு இரண்டாவது படத்தைக் கொடுத்துவிட்டாள். அதுவும் சமர்த்துதான். மூன்றாவது படத்தைப் பாட்டியிடம் கொண்டு போனாள். பாட்டி மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினாள்.

“ரெண்டு குறையுதே” என்றாள். “காக்கா தூக்கிட்டுப் போனதைக் கழிச்சுட்டியா?”