விடுதிக்குப் போகும் பிள்ளைகளுக்கு

ஸ்ரீபெரும்புதூருக்கு வேலைக்குக் கிளம்பும் என் பழைய மாணவி நேற்று வீட்டுக்கு வந்தாள். "சுத்தமா இரும்மா" என்று சொல்ல வாயெடுத்தேன். முடியவில்லை.

2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர் விடுதியில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். சில விடுதிகளில் கழிப்பறைக்குத் தண்ணீர்கூட இல்லையென்று செய்தி வந்தது. பிள்ளைகள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகுதான் நாடு திரும்பிப் பார்த்தது. இதில் அவர்கள் சுத்தக்குறைவு எங்கே இருக்கிறது?

துண்டு, சோப்பு, சீப்பு தனியாக வைத்துக்கொள்வதும் கை கழுவுவதும் பிள்ளைகள் கடமை. தண்ணீரும் நல்ல சாப்பாடும் நிர்வாகத்தின் கடமை.

பெற்றோரே, சம்பளத்தைக் கேட்கும்போதே ஓர் அறைக்கு எத்தனை பேர், ராத்திரி குழாயில் தண்ணீர் வருமா என்றும் கேளுங்கள்.

அவளிடம் கடைசியில் இதைத்தான் சொன்னேன்: "கேட்கக் கூச்சப்படாதே, தாயி."